37 வயதுக்காரரை எடுக்கலாம், பந்தை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் தலவாக்கலையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சித்திரைச் சுற்றுப்போட்டி நெருங்கினால் போதும், தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட அணிகள் வயது போன ஆட்களைத் தேடிப் பிடித்து இறக்குகின்றன, இளம் பையன்களின் இடத்தைப் பறிக்கின்றன, இது வெட்கக்கேடு என்று. காரமாகத்தான் எழுதியிருக்கிறார். நான் பாதி ஒத்துப்போகிறேன், பாதி ஒத்துப்போகவில்லை. அவர் எழுதியதைக் காலையில் படித்தேன். அன்று மாலையே எங்கள் தோட்டத்து டிவிஷனில் அதே வழக்கு வந்து நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அந்தத் தம்பி சங்கடப்படுவார். கூட்டம் நடந்தது பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். சுவரில் அ, ஆ, இ, ஈ. தரையில் பிள்ளைகள் தூங்கும் பாய். அதில் இருபது ஆம்பிளைகள் காலை மடக்கி உட்கார்ந்து, 37 வயது ஆளை அணியில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு மணித்தியாலம் சண்டை போட்டோம். பிளேன்டீ இரண்டு தடவை வந்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் டிவிஷனில் பிறந்தவர். 19 வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், அங்கே ஒரு கழகத்தில் இடது ஓரத்தில் ஆடினார். நல்ல ஓட்டக்காரர். அப்புறம் கட்டார். பதினொரு வருடம் டோஹாவில் செக்யூரிட்டி வேலை, வெள்ளிக்கிழமைகளில் கம்பனி அணிக்கு ஆட்டம். போன ஆவணியில் ஊர் திரும்பினார். இப்போது டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். எந்தக் கழகத்திலும் பெயர் இல்லை, எந்த ஒப்பந்தமும் இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்டவரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். நம் ஊரில் "சும்மா இருக்கிறார்" என்பார்கள்.

அமெரிக்காவை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

கூட்டத்தில் அணித்தலைவன் என் தங்கச்சி மகன். அவனுக்கு ஆளை எடுத்தே ஆக வேண்டும். "மாமா, இடது பக்கம் நமக்கு ஆளே இல்ல. அவர் வந்தா போதும், பந்த புடிச்சா கோல்தான்" என்கிறான். எதிர்த்தரப்பில் ஒரு பொடியன் எழுந்து, "அவருக்கு ரெண்டாவது பாதியில மூச்சு வாங்கும் அண்ணே, ஆம்புலன்சுக்கும் சேத்து காசு ஒதுக்குங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆள் வாசல் படியில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

வயது, வயது, வயது. இரண்டு மணித்தியாலமும் இதே பேச்சு. அவர் பந்தைப் பிடித்தால் கோல் என்கிறார்களே, பிடிப்பதற்குப் பந்தை அவருக்கு அனுப்பப் போவது யார் என்று ஒரு குஞ்சும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "மாமா, குவைத் கதைய ஆரம்பிக்காதீங்க" என்று மருமகன் வாயை அடைத்துவிட்டான். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

2001 தொடக்கம் 2004 வரை நான் குவைத்தில் ஓர் அமெரிக்கப் படை முகாமின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். இரவு முறை. பச்சை நிற உடுப்புகளை மலை மலையாக மடிப்பது வேலை. சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவி இருக்கும், அதில் இரவெல்லாம் அமெரிக்கக் கால்பந்து ஓடும். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. கையால் எறிவதும் கையால் பிடிப்பதும்தான் பெரும்பாலும். எறிபவரை குவார்ட்டர்பேக் என்பார்கள், பிடிப்பவரை ரிசீவர் என்பார்கள். எங்கள் சலவைக்கூடத்துத் தமிழில் எறிகாரன், பிடிகாரன்.

அந்த நாளில் ஒக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் ஒரு பிடிகாரர் இருந்தார், ஜெரி ரைஸ். சான் பிரான்சிஸ்கோ அணிக்கு 1985 முதல் 16 பருவங்கள் ஆடியவர், அவர்களோடு மூன்று சூப்பர் பவுல், அதாவது அந்த விளையாட்டின் வருடாந்த இறுதி ஆட்டம், வென்றவர். 2001இல் அந்த அணி அவரை விட்டுவிட்டது. அங்கே ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்க ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஒரு டொலர் போகக்கூடாது. பழைய ஆளுக்குப் பெரிய சம்பளம் கொடுத்தால் புதிய ஆளுக்குக் காசு இருக்காது. கணக்குப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். 38 வயதில் ஒப்பந்தமில்லாமல் நின்றவரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையிலிருந்த ஒக்லண்ட் எடுத்துக்கொண்டது. அந்த வருடம் 83 தடவை பந்தைப் பிடித்து 1,139 யார் (கெஜம்) முன்னேற்றினார். அடுத்த வருடம், 40ஐ எட்டிய வருடம், 92 தடவை, 1,211 யார்.

எப்படி முடிந்தது? அவர் ஒன்றும் அந்தக் காலத்து ஓட்டத்தை ஓடவில்லை. அவரைவிட வேகமாக ஓடுபவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், இளமையிலும் இருந்தார்கள். அவர் கெட்டிக்காரராக இருந்தது ஓடும் பாதையில். இத்தனை அடி நேராகப் போய் இந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்றால் அந்த இடத்திலேயே திரும்புவார், ஒரு சாண் தப்பாது. அப்பா மிசிசிப்பியில் கொத்தனார். சின்ன வயதில் அப்பாவோடு வேலைக்குப் போய், எறிகிற செங்கலைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியவர். இன்னொன்று, இதை நம் பையன்கள் கவனிக்க வேண்டும். பருவம் இல்லாத மாதங்களில் அவர் செய்த பயிற்சி மலை ஏறி ஓடுவது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் ஏற்றம், அதை ஓடியே ஏறுவார். கூட ஓட வந்த இளம் ஆட்கள் பாதி வழியில் வாந்தி எடுத்ததாகக் கதை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ் டிவிஷனிலிருந்து மேலே பாடசாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் அதைப் புத்தகப் பையோடு செய்கிறார்கள், காலையில் ரொட்டி மட்டும் சாப்பிட்டுவிட்டு.

சரி, கதைக்கு வருகிறேன். அப்படிப்பட்ட ரைசுக்குப் பந்தை எறிந்தவர் ரிச் கெனன் என்பவர். அவரும் இளந்தாரி இல்லை, 2002 பருவம் முடியும்போது 37 வயது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது அவருக்குத்தான் போனது. அவர் எறிகிற கணக்கும் ரைஸ் திரும்புகிற கணக்கும் ஒன்றாக இருந்தன. எங்கள் முகாமில் மிசிசிப்பிக்காரச் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார், ரைசின் ஊர்ப்பக்கம். எறிகாரன் பந்தைக் கையிலிருந்து விடும்போது பிடிகாரன் இன்னும் திரும்பியிருக்க மாட்டான், முகம் வேறு பக்கம் இருக்கும், திரும்பும்போது பந்து மூக்குக்கு முன்னால் நிற்கும் என்று எனக்கு விளக்கினார். மடித்து வைத்த துவாயைச் சுருட்டி எறிந்தே காட்டினார்.

அந்த அணி சூப்பர் பவுலுக்குப் போனது. சான் டியாகோவில் 2003 ஜனவரி 26. குவைத்தில் அது மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. ஈராக் போருக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. முகாமில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் வந்து குவிந்திருந்த நேரம். உடுப்பு மூட்டையோடு மூட்டையாக நானும் சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து பார்த்தேன். எதிரணி டெம்பா பே. அதன் பயிற்றுநர் ஜோன் க்ரூடன். முந்திய வருடம்வரை ஒக்லண்டுக்கே பயிற்றுநராக இருந்தவர். வீட்டின் பரண் எங்கே, பானை எங்கே என்று தெரிந்த ஆள். கெனன் எறிந்த பந்தில் ஐந்தை எதிரணியினர் பறித்தார்கள். அதில் மூன்றைக் கொண்டு ஓடிப் புள்ளியே எடுத்துவிட்டார்கள். ரைஸ் என்ன செய்வார்? அவர் தன் பாதையில் சரியாக ஓடிக்கொண்டுதான் இருந்தார். பந்து வந்தால்தானே! கடைசிக் காற்பகுதியில் ஒருமுறை ஒழுங்காக வந்தது, 48 யார் தூரப் பந்து. 40 வயதில் அதைப் பிடித்துப் புள்ளி எடுத்தார். சார்ஜன்ட் கதிரை மேல் ஏறி நின்று கத்தினார். ஆட்டம் 48க்கு 21 என்று முடிந்தது, ஒக்லண்ட் தோற்றது.

பிடிகாரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எறிகாரன் கையில்தான் அவன் பிழைப்பு என்பதை நான் அந்த இரவில் படித்தேன். இதைச் சொன்னால் என் மருமகன், "அது வேற வெளையாட்டு மாமா" என்கிறான். வேறுதான். ஆனால் எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மைதானம் தேயிலை ஸ்டோருக்கு மேலே, முன்பு நாற்றுமேடை இருந்த இடம். மட்டமாக இல்லை. மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் நடுவே ஓர் ஆள் உயர வித்தியாசம் இருக்கும். இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் தேயிலை, அதற்கும் கீழே சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் கொழுந்து மடுவத்தைத் தாண்டி உருளும், விட்டால் கெஹல்கமு ஓயா ஆற்றுக்கே போய்விடும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் எங்கள் பந்துகள் மட்டும் ஒரு டசின் மிதக்கிறது என்று பையன்கள் பகிடி விடுவார்கள். இந்த மைதானத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேலிருந்து ஓங்கி ஓர் உதை, பந்து சரிவில் தானாகப் போகும், பின்னால் ஓடு. அவ்வளவுதான். பார்த்துக் கொடுப்பது, ஆள் வரும் இடத்துக்கு முன்னாலேயே பந்தை வைப்பது, எதுவும் பழகுவதில்லை. அப்புறம் நோர்வூட்டிலோ ஹட்டன் டன்பாரிலோ மட்டமான மைதானத்தில் ஆடப் போகும்போது பந்து தானாக உருளாது. அங்கே போய் முழிப்போம்.

இப்படிப்பட்ட அணியில் இடது ஓரத்தில் ஒரு 37 வயதுக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? ஓங்கி உதைத்த பந்து அவருக்கு முன்னால் இருபது யார் தள்ளிப் போகும். 20 வயதில் அதை எட்டிப் பிடித்திருப்பார். இப்போது முடியாது. மூன்று தடவை ஓடுவார், நான்காவது தடவை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கரையில் நிற்கிற சனம், "கெழவனப் போட்டா இதுதான்" என்று சொல்லும். வயதின் தலையில் பழி விழும். பந்தைக் கொடுக்கத் தெரியாதவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

எனக்கு இது ஊகம் அல்ல, அனுபவம். நான் இந்தக் கழகத்துக்குச் செயலாளராக இருந்த காலத்தில், 2011இல், டவுனிலிருந்து பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தோம். அப்போது அவருக்கு 35 இருக்கும். கூட்டி வந்தவன் நான்தான், வான் பிடித்துப் போய் அழைத்தேன். வந்தார், நல்ல மனுசன், ஆனால் பந்து அவருக்கு வரவே இல்லை. எரிச்சலில் எங்கள் பையன்களை ஏசினார். பையன்கள் அவருக்குப் பந்து கொடுப்பதை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். இரண்டாவது ஆட்டத்தோடு முடிந்தது. காசு போனது ஒரு பக்கம். இன்னொன்று போனது, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அவர் ஆடிய இடத்தில் அதுவரை ஆடியவன் 17 வயதுப் பையன். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தான். முதல் ஆட்டத்தன்று ஜேர்சியைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவனிடம், "தம்பி, அடுத்த மேட்ச் ஒனக்குத்தான்" என்றேன். இரண்டாவது ஆட்டத்திலும் அதையே சொன்னேன். மூன்றாவது ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டான் என்று அவனுடைய அம்மா சொன்னார். போக வேண்டிய காலம் வந்தால் எப்படியும் போயிருப்பான், தெரியும். இங்கே எத்தனை பையன்கள் போகாமல் இருக்கிறார்கள்? ஆனாலும் அந்தச் சித்திரை முடியும்வரைக்கும் இருந்திருப்பான். தலவாக்கலை வாசகர் சொல்வதில் நான் ஒத்துப்போகிற பாதி இதுதான். இளம் பையனின் இடம் என்பது சும்மா வாய்ப்பேச்சு இல்லை, அதற்கு ஒரு முகம் இருக்கிறது. எனக்கு அந்த முகம் தெரியும்.

ஒத்துப்போகாத பாதிக்கு வருகிறேன். பத்திரிகையில் கத்தரிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியில் வேண்டாம் ஐயா, வேறெங்காவது கத்தரியுங்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நின்ற அந்தத் தம்பியோடு பேசிக்கொண்டு நடந்தேன். டோர்ச் வெளிச்சத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பாதை. அவர் ஒரு கதை சொன்னார். 2022 உலகக் கிண்ணத்தின்போது லுசைல் மைதானத்தில் வெளி வாசலில் அவருக்குக் காவல் வேலை. டிசம்பர் 6 அன்று போர்த்துக்கலுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஆட்டம். ரொனால்டோவைப் பார்க்கத்தான் அத்தனை சனமும். ஆனால் அன்று ரொனால்டோவைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. 37 வயது. மன்செஸ்டர் யுனைட்டட்டோடு ஒப்பந்தம் முறிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அவரும் அப்போது கழகம் இல்லாத ஆள்தான். அவர் இடத்தில் இறங்கிய 21 வயது கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் போட்டான். அதே ஆட்டத்தில் போர்த்துக்கலின் 39 வயதுப் பெப்பே தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 6-1. இந்தத் தம்பி வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் எழும் சத்தத்தை மட்டும் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் யார் போட்டார்கள் என்று அறைக்குத் திரும்பி போனைப் பார்த்த பிறகுதான் தெரியுமாம்.

"எல்லாரும் ரொனால்டோவ பெஞ்ச்ல வச்சிட்டாங்கன்னு பேசினாங்க அண்ணே. பெப்பேக்கு அவரவிட ரெண்டு வயசு கூட. அத யாருமே பேசல" என்றார்.

இதைச் சொன்ன ஆளை நான் அணியில் எடுப்பேன். விளையாட்டை இப்படிப் பார்க்கிறவருக்குத் தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதும் தெரிந்திருக்கும். நேராகவே கேட்டேன், "தம்பி, 90 நிமிசம் ஓட ஏலுமா?" என்று. கொஞ்சம் யோசித்தார். "அரை மணித்தியாலம் நல்லா ஓடுவேன் அண்ணே. அதுக்கு மேல பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அரை மணித்தியாலம் போதும். கமரூனின் ரோஜர் மில்லா எவ்வளவு நேரம் ஆடினார்? 1990இல் 38 வயது. ரியூனியன் தீவில் ஏதோ சிறு கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை, நாட்டின் ஜனாதிபதியே கேட்டுக்கொண்டு உலகக் கிண்ணத்துக்கு வரவழைத்தார். ஐந்து ஆட்டத்திலும் அவர் இடையில்தான் இறங்கினார். ருமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல், கொலம்பியாவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் இரண்டு. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ஸ்டாப் குவார்ட்டர்ஸில் வாடகைக்கு எடுத்த டெக்கில், இரண்டு படத்துக்கு நடுவே அந்தக் கசெட்டைப் போட்டார்கள். கொலம்பியக் கோல்காப்பாளர் ஹிகுயிட்டா கோலை விட்டு எங்கோ முன்னால் வந்து பந்தோடு விளையாட்டுக் காட்டுகிறார், மில்லா அதைத் தட்டிக்கொண்டு போகிறார். எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் களைக்காத கால், அனுபவமுள்ள கண். பின்னால் போட வேண்டியிருந்த படம் என்னவென்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை, அந்தக் கோல் ஞாபகமிருக்கிறது. அதே மில்லா 1994இல் 42 வயதில் திரும்பவும் வந்து ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். உலகக் கிண்ணத்தில் கோல் போட்ட மிக மூத்த ஆள் என்ற சாதனை அது. ஆனால் அந்த ஆட்டத்தில் கமரூன் 6-1 என்று தோற்றது. சாதனை அவருக்கு, தோல்வி அணிக்கு.

மலையகத்தில் இந்த வாதம் முரளியைத் தொடாமல் முடியாது, தொட்டுவிட்டுப் போகிறேன். 2010இல் காலியில் கடைசி டெஸ்ட், கடைசி விக்கெட்டோடு 800. அடுத்த வருடம் மும்பையில் உலகக் கிண்ண இறுதி, காயத்தோடு இறங்கி எட்டு ஓவர் போட்டும் விக்கெட் இல்லை. அவரை இறக்கியது சரியா பிழையா என்று எங்கள் டவுன் சலூனில் இன்னமும் பேசுகிறார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. முடி வெட்டுகிறவர் கையில் கத்தி இருக்கிறது.

ஆக, ஆளை எடுக்கலாம். கடைசி அரை மணித்தியாலத்துக்கு. தொடக்கத்தில் ஆடுகிற 18 வயதுப் பையன் தொடக்கத்திலேயே ஆடட்டும். மூத்தவர் கரையில் உட்கார்ந்து எதிரணியின் வலது பக்கத்துக்காரன் எந்தக் காலில் பலவீனம் என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவருக்கு அதில் மானப் பிரச்சினை இல்லை, நான் கேட்டுவிட்டேன். ரைசுக்குக்கூட அந்த இடம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் டென்வர் அணி அவரைப் பின்வரிசை பிடிகாரராகத்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தது. பருவம் தொடங்குமுன்பே அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். எல்லோராலும் கரையில் உட்கார முடியாது. முடியும் என்று ஒருவர் தாமாகச் சொல்லும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பந்தை யார் கொடுப்பது? இதுதான் மீதி. எங்கள் டிவிஷனில் பந்தைப் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருக்கிறான். 19 வயது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உதைப்பான், நம் மைதானத்தில் அது அபூர்வம். அவன் டிக்கோயாவில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்குவது ஞாயிற்றுக்கிழமை, அதனால் பேக்கரிக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். எங்கள் பயிற்சியும் ஞாயிறுதான். லீவு எடுத்தால் அன்றைய 2,000 ரூபாய் போய்விடும். அவன் அப்பாவுக்குக் கால் முடியாது, அந்த 2,000 வீட்டுக்கு வேண்டும். அதனால் அவன் பயிற்சிக்கு வருவதில்லை, ஆட்டத்தன்று மட்டும் வந்து நிற்கிறான். ஒன்றாகப் பழகாத எறிகாரனும் பிடிகாரனும்!

கழகத்தின் கையில் இப்போது 41,500 ரூபாய் இருக்கிறது. செயற்குழு என்ன முடிவெடுக்கப் பார்க்கிறது தெரியுமா? அதில் 19,600ஐ எடுத்து 14 புது ஜேர்சி. மிச்சத்தில் மூத்தவருக்கு ஆட்டத்துக்கு 2,500, ஐந்து ஆட்டம் என்று வைத்தால் 12,500. அதற்குப் பிறகு வானுக்கே காசு பத்தாது. என் கணக்கு வேறு. மூத்தவருக்கு அந்த 12,500 கொடுக்கலாம், நியாயமான காசுதான். ஓட்டோவை நிறுத்திவிட்டு வருகிறார். பேக்கரிப் பையனுக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு 2,000 வீதம் 16,000. வான் மூன்று தடவைக்கு 18,000. மொத்தம் 46,500. ஐயாயிரம் துண்டு விழுகிறது, அதை நான் டவுனில் தெரிந்த நான்கு கடையில் கேட்டு வாங்கித் தருகிறேன். எட்டு ஞாயிறும் அந்தப் பையனும் அந்தத் தம்பியும் இடது பக்கத்தில் மட்டும் நின்று ஒரே பந்தை நூறு தடவை கொடுத்து வாங்கட்டும். மேல் கோலிலிருந்து கீழே அல்ல, கீழிருந்து மேலே. சரிவுக்கு எதிராகக் கொடுத்துப் பழகினால் டன்பாரில் பந்து சொன்னபடி கேட்கும்.

தலவாக்கலை வாசகருக்கு ஒன்று. உங்கள் பக்கத்து அணிகள் மூத்த ஆளை இறக்கியதில் தப்பில்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் அந்த ஆளின் வயதைத்தான் பார்த்தார்களா, அவருக்கு யார் பந்து கொடுப்பார் என்று பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு எழுதினால் நானும் படிக்கிறேன்.

வருகிற ஞாயிறு மறுபடியும் கூட்டம், அதே பிள்ளைக்காம்பராவில். என் மருமகன் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன், கடிதம் வெளிவந்தால் அதற்குள் படித்துவிடுவான். புது ஜேர்சி இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பரவாயில்லை. பழைய ஜேர்சிகள் என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கின்றன. 11ஆம் இலக்கத்துக்குத் தோள்பக்கம் தையல் விட்டிருக்கிறது. தைத்து வைக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய செயலாளர் ஒருவர்,
பொகவந்தலாவை.